கூரை விரிசலுக்கும் ஒரு வரலாறு உண்டு!

கூரையில் விரிசல் விழுந்தால் நாம் முதலில் திட்டுவது கொத்தனாரைத்தான். ஆனால் அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருநூறு வருஷக் கதை இருக்கிறது.

சிமெண்ட் வருவதற்கு முன் மச்சு வீடு எப்படிக் கட்டினார்கள் தெரியுமா? தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக நிறுத்துவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடிப்பார்கள். கடைசியில் தட்டோடு. இதற்குப் பெயர் மெட்ராஸ் டெரஸ். இதிலும் விரிசல் வரும். ஆனால் மழைநீரில் கரையும் சுண்ணாம்பு மயிரிழை விரிசலில் படிந்து, தானே அடைத்துவிடும்! இதன் எதிரிகள் கரையானும், கட்டை முனையை உளுக்க வைக்கும் ஈரமும்தான்.

1824-ல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். 1867-ல் பிரான்ஸின் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, இரும்புக் கம்பி வைத்த சிமெண்ட் பூந்தொட்டிக்கு வாங்கினார். நம் கூரைக்குப் பாட்டன் பூந்தொட்டி! சூலக்கரையிலிருந்து சாத்தூர் போகும் பக்கம் உள்ள துலுக்கப்பட்டியில், 1960களின் தொடக்கத்தில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. தேக்கு போய்க் கம்பி வந்தது.

வில்லன் அந்தக் கம்பிதான். புது கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துரு ஏறாமல் காக்கும். வருஷங்கள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு அதைக் குறைத்துவிடும். கூடவே மேலே தண்ணீர் ஒழுகினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், கான்கிரீட் பிளக்கும். கம்பியை மூடும் கனம் முக்கியம் என்பது இதனால்தான். இந்திய தர விதி, தளத்துக்கு 1978-ல் குறைந்தது 15 மி.மீ. என்றது; 2000-ல் சாதாரணச் சூழலுக்கே அதை 20 ஆக்கியது.

எது ஆபத்து? வலைபோலப் பரவும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் பூச்சு சுருங்கியது. பட்டி பார்த்தால் போதும். கூரையும் சுவரும் சேரும் இடத்துக் கோடு பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. கம்பி ஓடும் வழியிலேயே நேர்கோடு, பழுப்புக் கறை, தட்டினால் பொள்ளல் சத்தம் என்றால் துருவேதான்.

அதன்மேல் சிமெண்ட் பூசி வெள்ளையடிப்பது புண்ணுக்குப் புனுகு பூசுவது மாதிரி. முதலில் மேலே ஒழுகலை நிறுத்தணும். பிறகு முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறம் தெரியும்வரை கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலவையால் அடைக்கணும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளர் பார்த்தே ஆகணும்.

2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் குடியிருப்பு ஒன்று இடிந்து 24 வீடுகள் மண்ணாயின. உயிர்ச்சேதம் இல்லை. காரணம், விரிசலைப் பார்த்ததும் மக்கள் வெளியேறிவிட்டார்கள்! விரிசல் என்பது கட்டிடம் பேசும் மொழி. வெள்ளையடித்து அதன் வாயை மூடாதீர்கள்.