உழைப்பும் உருவமும்: நீலாவணன், ஜோர்ஜ் கீற் படைப்புகளில் கிராமம்

கல்முனைக்கு மேற்கே, மாரி வெள்ளம் மேலால் பாயும் தாழ்ந்த பாதையாகிய கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால், நாவிதன்வெளி, சொறிக்கல்முனை எனத் தொடரும் நெல்வெளியும் அதில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே நடத்தும் வயல்வாழ்வும் எத்தகையவை என்பதை ஈழத்துக் கவிதையில் அறிய விரும்புவோர், பெரியநீலாவணையில் பிறந்த கவிஞர் நீலாவணனின் (1931–1975) ‘வேளாண்மை’ என்னும் காவியத்திலிருந்தே தொடங்க வேண்டும். அவர் முற்றுவிக்காமல் விட்டுச்சென்ற அக்காவியம் 1982இல் நூலாக வெளிவந்தது. அதே நாட்டின் மலையகப் பகுதியில், கண்டி நகரின் பறங்கியர் குடும்பத்தில் பிறந்து, ஓவியராகவும் ஆங்கிலக் கவிஞராகவும் விளங்கிய ஜோர்ஜ் கீற் (1901–1993) கிராமத்தையே தம் கலையின் ஊற்றாகக் கொண்டார். இருவரையும் ஒருங்கே நோக்குகையில், கிராமத்தால் ஈர்க்கப்பட்ட கலை என்னும் ஒரே பெயருக்குள் இருவேறு நோக்குகள் அடங்கியிருப்பது தெளிவாகிறது.

கீற்றின் கிராமம் கண்ணுக்குரியது. பொருள்களைப் பல கோணங்களில் பிரித்து ஒரே தளத்தில் அடுக்கும் கியூபிச முறையையும் அஜந்தா, சிகிரியா ஓவியங்களின் வளைகோட்டையும் இணைத்து, கிராமத்துப் பெண்ணுருவங்களை அவர் வரைந்தார்; பொரளை கோதமி விகாரையில் 1939–40இல் தீட்டிய சுவரோவியங்களிலும், 1943இல் தோன்றிய ‘43 குழு’ என்னும் நவீன ஓவியர் அணியின் வழியாகவும் அந்தக் கோடு இலங்கை ஓவியத்தின் போக்கையே மாற்றியது. எனினும் அவ்வுருவங்கள் பெரும்பாலும் காதலிலும் ஓய்விலும் காத்திருப்பிலுமே நிலைகொள்கின்றன. நாற்றும் சேறும் கூலியும் அங்கு அரிதாகவே இடம்பெறுகின்றன.

நீலாவணனின் கிராமமோ காதுக்குரியது. மட்டக்களப்புப் பகுதியின் பேச்சுவழக்கைக் காவியத்துக்குள் துணிந்து கொண்டுவந்த அவர், நிலவுடைமையாளரான போடியார், அவருடைய வயலைப் பார்த்துச் செய்யும் முல்லைக்காரன், காவற்குடிலாகிய வாடி, சூடடிக்கும் களவெட்டி ஆகியவற்றைக் கொண்ட உலகத்தின் மொழியிலேயே அதனைப் பாடினார். களவெட்டியில் அன்றாடச் சொற்களைத் தவிர்த்து, நெல்லைப் ‘பொலி’ எனக் குறிக்கும் தனிமொழி ஒன்று வழங்கியது. சிங்கள உழவரின் களத்திலும் இத்தகைய தனிமொழி இருந்தது என்பது, இரு இனத்தாரின் வயல்மரபும் எவ்வளவு நெருங்கியது என்பதற்குச் சான்றாகும். இத்தகைய மொழியை எந்தத் தூரிகையாலும் தீட்ட இயலாது.

இவ்வேறுபாட்டை ஊரில் பிறந்தவர், நகரிலிருந்து வந்தவர் என்ற பிறப்பின் அடிப்படையில் மட்டும் விளக்குவது போதாது. கீற் கிராமங்களில் வாழ்ந்தவர். சிங்களப் பண்பாட்டில் ஆழ்ந்து தோய்ந்தவர். கிராமத்தின் எந்தக் கணத்தைக் கலைக்குரியதாகத் தேர்ந்தனர் என்பதே இருவரையும் பிரிக்கிறது: கீற் வேலை ஓய்ந்த கணத்தைத் தேர்ந்தார், நீலாவணன் வேலை நடக்கும் கணத்தையும், அதனால் உடைமைக்கும் உழைப்புக்கும் இடையில் உண்டாகும் உறவையும் தேர்ந்தார். ஓவிய மொழிக்குக் கீற் அளித்த கொடை பெரிதே ஆயினும், உழவரின் வாழ்வுக்குச் சான்றாக நிற்கும் தகுதி ‘வேளாண்மை’க்கே உண்டு.

அச்சான்று இன்று விரைவாக மங்கி வருகிறது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நீர்ப்பாசனத்தை மாற்றியது; உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் களவெட்டியை வெறுமையாக்கின. அக்காவியத்தின் வழக்குச் சொற்கள் இளைய வாசகருக்கு அயலாகுமுன், கிழக்குப் பல்கலைக்கழகமும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் சொறிக்கல்முனை, சம்மாந்துறை, நாவிதன்வெளி ஆகிய ஊர்களின் முதிய உழவரிடம் அவற்றைக் கேட்டுத் தொகுத்து, விரிவான சொல்விளக்கத்துடன் ‘வேளாண்மை’யைப் பதிப்பிக்க முன்வர வேண்டும்.