போடிமெட்டுக்கு மேலே ஒரு களிப்பெட்டி

தமிழ்நாட்டு மலையடிவாரத்தில் உள்ள சிலமலையில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான் தெரியும். விடிவதற்குள் ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு, போடி வழியாகக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை எனக் கேரளத் தோட்டங்களில் இறக்கிவிடுகின்றன. சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புகிறார்கள். கூலி மேலே, குடும்பம் கீழே.

ஆனால் பிள்ளைகள் கைக்குக் கணினி வந்த கதையில் மட்டும் மலையின் இரு பக்கமும் வெவ்வேறு வழியில் போயின. இரண்டு மாநிலங்களுமே லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தைக் கையில் எடுத்தன. மேலே அது விளையாட்டாக வந்தது. கீழே விளையாட்டு இல்லாமல் வந்தது.

கேரளத்தின் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2001இல் பிறந்தது. அதே ஆண்டு ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியக் கிளையைத் தொடங்கிவைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம் முழுக்க குனு/லினக்ஸுக்கு மாறியது. மாநிலமே தனக்கென ஓர் இயங்குதளத் தொகுப்பை உருவாக்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. தொடக்க வகுப்புகளின் கணினிப் பாடநூலுக்கு 'களிப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். களி என்றால் மலையாளத்தில் விளையாட்டு, தமிழில் மகிழ்ச்சி. இரண்டு பொருளும் அந்தப் புத்தகத்துக்குப் பொருந்தும். பிள்ளை முதலில் விளையாடுகிறது. மவுஸைப் பிடிக்கவும், எழுத்தைத் தட்டவும், கூட்டவும் கழிக்கவும் அந்த விளையாட்டே பழக்கிவிடுகிறது.

பள்ளிக் கணினிகளில் இருந்தவற்றில் ஒன்று ஜிகாம்ப்ரி. புரூனோ குடோவான் என்ற பிரெஞ்சுக்காரர் 2000இல் தொடங்கியது. பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்தது' என்று சொல்லும்போது எழும் ஒலியே அதன் பெயர். இன்னொன்று டக்ஸ் பெயின்ட், அமெரிக்கரான பில் கென்ட்ரிக் 2002இல் எழுதியது. இவற்றுக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. பள்ளி ஆய்வகத்தின் பழைய பெட்டியிலும் ஓடும்.

அதற்கு மேல் ஆசைப்பட்டால்தான் சிக்கல் தொடங்கும்.

மலையடிவாரத்தில் சொன்னால் இது எளிதில் விளங்கும். ஜீப் எவ்வளவு புதிதாக இருந்தாலும் வளைவு தெரிந்த டிரைவர் இல்லாமல் போடிமெட்டு ஏறாது. கணினியிலும் அதே சொல்தான். கிராபிக்ஸ் சில்லை இயக்கத் தெரிந்த மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். சில்லைச் செய்த நிறுவனம் அதை விண்டோஸுக்கு மட்டும் எழுதிவிட்டு, சில்லின் உள்விவரங்களையும் வெளியே சொல்லாமல் இருந்தால், லினக்ஸ்காரர்கள் இருட்டில் துழாவித்தான் டிரைவர் எழுத வேண்டும். லினக்ஸில் விளையாட்டு என்பதன் முப்பது ஆண்டு வரலாறு, பெரும்பகுதி இந்தத் துழாவலின் வரலாறுதான்.

தொடக்கம் நம்பிக்கையாகவே இருந்தது. லினக்ஸ் பிறந்து மூன்றே ஆண்டில், 1994இல், இட் சாஃப்ட்வேரின் டேவ் டெய்லர் 'டூம்' விளையாட்டை அதில் ஓடவைத்தார். 1998இல் ஸ்காட் டிரேக்கர் லோக்கி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விண்டோஸ் விளையாட்டுகளை முறைப்படி உரிமம் வாங்கி லினக்ஸுக்கு மாற்றி விற்பது அதன் தொழில். வாங்க ஆளில்லாமல் 2002 ஜனவரியில் அது மூடப்பட்டது. ஆனால் அங்கே வேலை செய்த சாம் லான்டிங்கா உருவாக்கிய எஸ்.டி.எல். என்ற நிரல் நூலகம் சாகவில்லை. ஒலி, திரை, விசைப்பலகை, கேம்பேட் எல்லாவற்றையும் எந்த இயங்குதளத்திலும் ஒரே மாதிரி கையாள உதவும் அந்த நூலகத்தின் மேல் இன்றும் எண்ணற்ற விளையாட்டுகள் நிற்கின்றன. கடை மூடிய பின்னும் தோண்டிய கிணறு ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

மலைக்குக் கீழே நடந்ததற்கு வருவோம். 2007ஐ ஒட்டி, சி. உமாசங்கர் தலைமையில் இருந்த தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதையே கொண்டுபோக முனைந்தது. அதே 2007இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸை வெளியிட்டது. பிறகு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின. விண்டோஸும் பாஸும் ஒரே வட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. போடி வட்டாரத்தின் பிளஸ் டூ பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் வந்து இறங்கிய முதல் கணினி அதுதான்.

எதைத் திறந்திருப்பார்கள்? அந்தத் தலைமுறைக்கு விளையாட்டு என்றால் பிரவுசிங் சென்டரில் பார்த்த வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ., கவுன்டர் ஸ்டிரைக். அவை எல்லாம் விண்டோஸ் பக்கம். வைன் என்ற மென்பொருள் 1993 முதல் இருந்தது. விண்டோஸ் நிரலின் கோரிக்கைகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வது அதன் வேலை. ஆனால் அதை அமைத்து ஓடவைப்பது பதினேழு வயதில், பக்கத்தில் சொல்லித்தர ஆளில்லாத ஊரில், லேசான காரியமல்ல. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருந்தது. 2012 முதல் 'கணியம்' இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவந்தது. கேரளம் பாடமாக்கிக் கற்பித்ததைத் தமிழ்நாட்டில் ஆர்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்தார்கள். அரசு பெட்டியைக் கொடுத்தது, களியைக் கொடுக்கவில்லை. இது தவறவிட்ட பெரிய வாய்ப்பு என்றே சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் வெளியே காற்று திரும்பிக்கொண்டிருந்தது. 2007இல் ஏ.எம்.டி. தன் கிராபிக்ஸ் சில்லுகளின் விவரங்களை வெளியிடத் தொடங்கியது. என்விடியாவோ கதவைச் சாத்தியே வைத்திருந்தது. 2012இல் பின்லாந்துப் பல்கலைக்கழக மேடை ஒன்றில், லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்தே அந்த நிறுவனத்தைக் கடுமையாகச் சாடினார். என்விடியா தன் லினக்ஸ் டிரைவரின் கெர்னல் பகுதியைத் திறந்துவிட மேலும் பத்து ஆண்டுகள் ஆயின.

அதே 2012இல், விண்டோஸ் 8 விளையாட்டுத் துறைக்குப் பேரிடர் என்று வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் வெளிப்படையாகச் சொன்னார். மைக்ரோசாஃப்டின் கடை விண்டோஸுக்குள்ளேயே வந்தால், இணையத்தில் விளையாட்டுகளை விற்கும் தன் ஸ்டீம் கடை என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு. 2013 பிப்ரவரியில் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015இல் வெளியிட்ட, லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் பெட்டிகள் எடுபடவில்லை. விளையாட்டு நிறுவனத்தார் லினக்ஸுக்கென்று தனியாக எழுத மாட்டார்கள் என்பது தெளிவானது. அப்படியானால் அவர்கள் விண்டோஸுக்கு எழுதியதையே ஓடவைக்க வேண்டும். பிலிப் ரேபோலே என்பவர் 'நியர்: ஆட்டோமேட்டா' என்ற ஒரே விளையாட்டை லினக்ஸில் ஆட விரும்பி டி.எக்ஸ்.வி.கே. என்ற மொழிபெயர்ப்பு அடுக்கை எழுதிக்கொண்டிருந்தார். விண்டோஸின் டைரக்ட்3டி கிராபிக்ஸ் கட்டளைகளை அது லினக்ஸிலும் ஓடும் வல்கன் கட்டளைகளாக மாற்றியது. வால்வ் அவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டது. வைனையும் டி.எக்ஸ்.வி.கே.யையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' வந்தது. 2022 பிப்ரவரியில், முழுக்க லினக்ஸில் ஓடும் கையடக்க ஸ்டீம் டெக் வந்தது. 2025 அக்டோபரில் ஸ்டீம் பயனர்களில் லினக்ஸ்காரர்கள் முதல்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டினார்கள்.

எல்லாம் திறந்துவிடவில்லை. வலோரண்ட், ஃபோர்ட்நைட் போன்றவற்றின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் இன்னும் லினக்ஸை உள்ளே விடுவதில்லை. பழைய கருவிகளுக்கும் வழி பாதிதான்: 2011 காலத்து மலிவு மடிக்கணினிகளில் இருந்த இண்டெல் கிராபிக்ஸுக்கு வல்கன் தெரியாது. அவற்றில் புரோட்டானின் மந்திரம் பலிக்காது. வைனின் பழைய ஓப்பன்ஜி.எல். பாதையில் வைஸ் சிட்டி காலத்து விளையாட்டுகள் ஓடலாம், அவ்வளவுதான்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சிலமலைத் திண்ணையில் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பி.ஜி.எம்.ஐ. ஆடும் பையனும் லினக்ஸில்தான் ஆடுகிறான். ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸின் கருவான கெர்னல். அங்கே சில்லு செய்த நிறுவனமே டிரைவரையும் எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஆகவே யாரும் துழாவ வேண்டியதில்லை, அது லினக்ஸ் என்று அவனுக்குத் தெரியவும் தேவையில்லை.

2026 ஜனவரியில் தமிழ்நாடு மீண்டும் மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது, இந்த முறை கல்லூரி மாணவர்களுக்கு. 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; உள்ளே விண்டோஸ் 11, கூடவே பாஸ். இன்றைய இண்டெல், ஏ.எம்.டி. சில்லுகளில் வல்கன் உண்டு, அவற்றின் திறந்த டிரைவர்கள் லினக்ஸோடே வருகின்றன. பாஸ், டெபியன் என்ற லினக்ஸின் வழி வந்தது. ஸ்டீம் தரும் டெப் நிறுவல் கோப்பு டெபியன் குடும்பத்துக்கு ஏற்றது. 2012இல் தொடங்கிய போடி அரசுப் பொறியியல் கல்லூரியின் விடுதியில் ஒருவர் இன்றிரவு பாஸைத் திறந்து, டெர்மினலில் வல்கன்இன்ஃபோ கருவியை, இல்லாவிட்டால் நிறுவிக்கொண்டு, இயக்கி, தன் சில்லின் பெயர் பட்டியலில் வருகிறதா என்று பார்த்துவிடலாம்.