சரிபார்ப்பு எங்கே நிகழ்கிறது? கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் நிரல் புதுப்பிப்பின் பாதுகாப்பு

2002 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பாலுள்ள கிரேட் டக் தீவில் பெர்க்லி ஆய்வாளர்கள் 32 உணரிக் கணுக்களை நிறுவினார்கள். அவற்றில் சில, கடற்பறவைகள் முட்டையிடும் மண்வளைகளுக்குள் இருந்தன. அடைகாக்கும் பருவத்தில் மனிதர் அங்கே நடமாடினால் பறவை கூட்டையே கைவிட்டுவிடக்கூடும். கணுவின் நிரலில் ஒரு பிழை தெரியவந்தால் வளையைத் தோண்டி எடுத்துத் திருத்தவா முடியும்? திருத்தம் காற்றுவழியேதான் போய்ச் சேரவேண்டும். அவ்வழி உரியவருக்கு மட்டும் திறந்திருப்பதில்லை என்பதிலிருந்துதான் நம் சிக்கல் தொடங்குகிறது.

2004இல் ஜொனாதன் ஹூயும் டேவிட் கல்லரும் வெளியிட்ட டெல்யூஜ் நெறிமுறை, டைனிஓஎஸ் இயங்குதளத்தில் ஓடும் கணுக்களுக்கு இந்த வழியை அமைத்துத் தந்தது. ஊருக்குள் செய்தி பரவுகிற விதந்தான் அது. ஒரு கணு தன்னிடமுள்ள நிரலின் பதிப்பு எண்ணை அறிவிக்கும். பழைய பதிப்பு வைத்திருக்கும் அண்டைக் கணு கேட்டு வாங்கும். வாங்கியது அடுத்ததற்குக் கொடுக்கும். நிரல் பக்கங்களாகவும், ஒவ்வொரு பக்கமும் 48 பொதிகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கும். சிக்கனமும் நேர்த்தியும் உடைய வடிவமைப்பு. ஆனால் அறிவிப்பவர் யார் என்று கேட்கும் வழக்கமே அதில் இல்லை. பெரிய பதிப்பு எண்ணைச் சொல்லத் தெரிந்த எவரும் வலையமைப்பு முழுவதிலும் தன் நிரலை ஓடவைக்கலாம்.

இந்த ஓட்டையை அடைக்க 2006இல் மட்டும் மூன்று ஆய்வுகள் வந்தன. லனிகன் குழுவின் ஸ்லூயிஸ், தத்தா குழு டெல்யூஜுக்கே செய்த பாதுகாப்பு நீட்சி, டெங் குழுவின் ஹாஷ் மர முறை ஆகியவை அவை. மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: அடிநிலையம் ஒருமுறை மட்டும் டிஜிட்டல் கையொப்பமிடும், மீதி எல்லாவற்றையும் ஹாஷ் மதிப்புகள், அதாவது தரவிலிருந்து கணக்கிட்ட குறுகிய அடையாளங்கள், அந்தக் கையொப்பத்தோடு பிணைக்கும். இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் மின்செலவையும் பரவும் நேரத்தையுமே அளக்கிறார்கள். அதைவிட முதன்மையான அளவுகோல், சரிபார்ப்பு எந்த இடத்தில் நிகழ்கிறது என்பதே. இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

ஸ்லூயிஸில் ஒரு பக்கத்தின் ஹாஷ் அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கும். ஆகவே 48 பொதிகளும் வந்து சேர்ந்த பிறகே பக்கம் மெய்யா பொய்யா என்பது தெரியும். இடையில் ஒரே ஒரு போலிப் பொதியை நுழைத்துவிட்டால் போதும், பக்கம் முழுவதும் வீண். எது போலி என்று கணுவுக்குத் தெரியாததால் மொத்தத்தையும் எறிந்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். தாக்குபவனுக்குச் செலவு ஒரு பொதி, கணுவுக்கு 48. தத்தா குழு இந்த ஹாஷ் சங்கிலியைப் பொதி அளவுக்கு இறக்கியது. ஆனால் சங்கிலி வரிசை கேட்கும். காற்றுவழிப் பொதிகளோ விட்டுவிட்டு, முன்பின்னாக வருபவை.

2008இல் ஹியுன், நிங், லியூ, டூ ஆகியோர் தந்த செலூஜ், எனக்குத் தெரிந்தவரை, இந்த முடிச்சை மிக அழகாக அவிழ்த்தது. ஒரு பக்கத்தின் ஒவ்வொரு பொதியும் அடுத்த பக்கத்தில் தனக்கு இணையான பொதியின் ஹாஷைச் சுமந்துவரும். முதற்பக்கத்துக்குரிய ஹாஷ்களை மெர்க்கிள் மரம் என்னும் ஹாஷ் மரம் காக்கும். அதன் வேருக்குக் கையொப்பம். ஒரு பக்கம் முழுமையடைந்ததும் அடுத்த பக்கத்தின் பொதிகள் எந்த வரிசையில் வந்தாலும், பிளாஷில் எழுதும் முன்பே சரிபார்த்துவிடலாம். விலையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 48 கிலோபைட் நிரலைப் பொதிக்கு 64 பைட்டாகப் பிரித்தால் 768 பொதிகள். பொதிக்கு 8 பைட் ஹாஷ் என்றால் கூடுதல் சுமை 6,144 பைட், அதாவது எட்டில் ஒரு பங்கு. போலிப் பொதியை வாசலிலேயே நிறுத்தும் காவலுக்கு இது அதிகமில்லை.

ஆனால் கையொப்பப் பொதியை எது காக்கும்? மைக்கா-இசட் கணுவில் நீள்வட்ட வளைவுக் கையொப்பம் ஒன்றைச் சரிபார்க்கச் சில விநாடிகள் ஆகும். போலிக் கையொப்பங்களை வரிசையாக அனுப்பினாலே இரண்டு ஏஏ மின்கலங்களும் கணக்கு பார்த்தே தீர்ந்துபோகும். அதற்காகச் செலூஜ் ஒரு புதிர் வைத்தது. அனுப்புபவர் பல இலட்சம் முறை முயன்று விடை காண வேண்டும். பெறுபவர் ஒரே ஹாஷில் அதைச் சோதிக்கலாம். புதிரின் வலு 22 பிட் என்றால் சராசரி முயற்சி ஏறத்தாழ 42 இலட்சம். இன்றைய மடிக்கணினிக்கு இது சில விநாடி வேலை. கணுவின் மின்கலமோ அன்று இருந்த நிலையிலேயே இருக்கிறது. புதிரைக் காவல் என்று சொல்வதைவிட வேகத்தடை என்று சொல்வதே பொருந்தும்.

பொதி பொதியாகச் சரிபார்த்தாயிற்று. நிரல் வெளிப் பிளாஷில் வந்து உட்கார்ந்தாயிற்று. அங்கிருந்து அதைச் செயலியின் நிரல் நினைவகத்துக்கு மாற்றுவது பூட்லோடர். நெறிமுறை ஆய்வுகள் பல இந்தக் கட்டத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. 2008இல் பிரான்சிலோனும் காஸ்தெலூச்சியாவும் காட்டியது இங்கே பொருந்தும். மைக்கா-இசட்டின் ஏடிமெகா128 செயலியில் நிரலுக்கும் தரவுக்கும் தனித்தனி நினைவகம். தரவாக வந்தது நிரலாக ஓட முடியாது. எனவே வெளியார் நிரலை நுழைப்பது இயலாது என்றே பலரும் நம்பினர். பிரான்சிலோனும் காஸ்தெலூச்சியாவும் கணுவில் ஏற்கெனவே இருந்த நிரல் துண்டுகளையே கோத்து, பூட்லோடரின் எழுதும் திறனைத் தம் கைக்குக் கொண்டுவந்து, தம் நிரலை நிலையாகப் பதித்தார்கள். புதுப்பிப்புக்கென்று வைத்த கருவியே திருடனுக்கு ஏணியாயிற்று. பெறும்போது சரிபார்த்தது போதாது. பூட்லோடர், தான் நகலெடுக்கும் கணத்திலும் நகலெடுத்ததை ஓடவிடும் முன்பும் தானே சரிபார்க்க வேண்டும்.

சாவி இருக்கும் இடமும் இதே கேள்விக்குள் அடங்கும். 2016இல் ரோனென், ஷமீர், ஓஃப்ளின், வைன்கார்டன் ஆகியோர் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளின் புதுப்பிப்புச் சாவியை, செயலியின் மின்நுகர்வை அளந்தே வெளிக்கொணர்ந்தனர். ஒரே வகை விளக்குகள் அனைத்துக்கும் ஒரே சமச்சீர்ச் சாவி. ஒன்றை மேசையில் வைத்து ஆராய்ந்தால் எல்லாவற்றுக்கும் நிரல் எழுதலாம். காட்டிலும் வயலிலும் கிடக்கும் கணுவை யாரும் எடுத்துப்போகலாம். ஆகவே அதற்குள் பொதுச்சாவி மட்டுமே இருக்கலாம், கையொப்பமிடும் வல்லமை இருக்கலாகாது. கையொப்பச் சரிபார்ப்புக்கு ஆற்றல் அதிகம் என்று சமச்சீர்ச் சாவிக்குத் திரும்புவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தீராத முரண் ஒன்றும் உண்டு. முறையான கையொப்பமுள்ள பழைய பதிப்பை, அதன் ஓட்டைக்காகவே திரும்ப ஏற்றுவதும் தாக்குதல்தான். அதைத் தடுக்கப் பதிப்பு எண் ஏறுமுகமாக மட்டுமே செல்ல வேண்டும். ஆனால் புதிய நிரல் முடங்கினால் மீள்வதற்காக டெல்யூஜ் கணுக்களில் பொன்நிரல் என்றொரு பழைய படி வைத்திருப்பது வழக்கம். மீட்பு பழையதை வேண்டுகிறது. பாதுகாப்பு அதை மறுக்கிறது. பொன்நிரலுக்கு உணரி வேலை எதுவும் கொடுக்காமல், சரிபார்த்த புதுப்பிப்பைப் பெறுவது ஒன்றையே அதன் தொழிலாக்குவது என் பரிந்துரை. பிழை புக அங்கே இடம் குறைவு.

ஐஇடிஎஃப் 2021இல் வெளியிட்ட ஆர்எஃப்சி 9019, சிறு கருவிகளின் புதுப்பிப்புக் கட்டமைப்பில் பூட்லோடரின் பங்கைத் தனியே எடுத்துப் பேசுகிறது. உணரி வலையமைப்பு ஆய்வாளர்களும் அதைப் பின்பற்றலாம். பரவும் நேர வரைபடங்களோடு, பூட்லோடர் எதை, எப்போது, எந்தச் சாவியால் சரிபார்க்கிறது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். அந்தப் பக்கம் இல்லாத கட்டுரைகளை மதிப்பீட்டாளர்கள் திருப்பி அனுப்ப வேண்டும்.