எல்லை கடக்கும் கவிதை

ஒரு மொழியிற் பிறந்த கதை மற்றொரு மொழியில் எளிதிற் குடியேறிவிடும். கவிதையோ எல்லையில் தயங்கி நிற்கும். இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

நிஜாம் அரசின் இரயில்வே நிறுவனம் 1893இல் லாலாகுடாவில் பணிமனை அமைத்தது. பணியின் பொருட்டு இங்கு வந்து குடியேறிய தமிழர்க்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நாயன்மார் வரலாறுகள் இத்தெலுங்கு மண்ணை அடைந்துவிட்டன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்பர் வரலாற்றைப் பால்குரிகி சோமநாதரின் பசவ புராணத்திலும் காண்கிறோம். சோமநாதர் தமிழ்ச் செய்யுளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாரல்லர். துவிபதம் என்னும் ஈரடி யாப்பில் தம் மொழிக்கேற்பப் புதிதாகப் பாடினார்.

தெலுங்கு யாப்பில் 'பிராசம்' என்பது நம் எதுகையைப் போல் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது. 'யதி' நம் மோனையோடு உறவுடையது. ஆதலின், குறளைத் தெலுங்கில் பெயர்ப்பவர் பொருளோடு ஓசையிலும் ஒரு பங்கைக் காக்க இயலும். தொலைவிலுள்ள மொழிகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

வீரமாமுனிவர் 1730இல் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார், இன்பத்துப்பாலை விடுத்தார். ஜி.யு. போப் 1886இல் முப்பாலையும் இயைபு அமைந்த ஆங்கிலச் செய்யுளாக்கினார். ஏழே சீரில் அடங்கிய செறிவு, இயைபை நிரப்பும் பொருட்டு நீண்ட அடிகளில் நெகிழ்ந்தது. ஓசையை நாடியவர் சுருக்கத்தை இழந்தார்.

ஏ.கே. இராமானுசன் வேறு வழி கண்டார். குறுந்தொகைப் பாடல்கள் பலவற்றை 1967இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, யாப்பைக் கைவிட்டு, காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும் முறையைக் காக்க முயன்றார். தமிழில் அடைமொழிகள் நீண்டு வந்து பெயரைச் சேரும். வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலம் பெரும்பாலும் இதற்கு மாறானது. அடிகளை உடைத்தும் உள்தள்ளியும் அக்குறையை அவர் ஓரளவு ஈடுசெய்தார். எனினும், 'யாய்' என்றால் என் தாய், 'ஞாய்' என்றால் உன் தாய் என உறவையும் உரிமையையும் ஒரே சொல்லில் அடக்கும் பழந்தமிழுக்கு ஆங்கிலத்தில் ஈடில்லை. அங்கு ஒரு சொல் இரண்டாகும். அதன் நெருக்கமும் தளரும்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? எல்லாவற்றையும் காக்கும் மொழிபெயர்ப்பு இல்லை. எதைக் காப்பது, எதை இழப்பது என்னும் தெரிவே மொழிபெயர்ப்பு.

நம் இல்லங்களில் வளரும் இளையோருள் பலர் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். அவர்கள் குறளை முதன்முதல் அறிவது பிறமொழி வாயிலாகவே ஆகலாம். அதை நாம் பழித்தல் வேண்டா. வாயில் எதுவாயினும் வரவேற்போம். ஆனால் வாயிலையே வீடென்று அவர்கள் கருதிவிடாதபடி, பெயர்ப்பின் பக்கத்தில் மூலத்தையும் வைத்து உரக்கப் படித்துக் காட்டுதல் நம் கடன். பெயர்ப்பில் கைநழுவியது செவிவழியேனும் அவர்களைச் சென்றடையட்டும்.