அட்ரோப்பிசோமர்
கிரேக்கத்தில் 'அ' இன்மையைக் குறிக்கும் முன்னொட்டு. 'ட்ரோபோஸ்' என்றால் திருப்பம். இரண்டையும் 'ஐசோமர்' (மாற்றியம்) என்பதுடன் சேர்த்து 1933இல் வேதியியலாளர் ரிச்சர்ட் கூன் இச்சொல்லை ஆக்கினார். 1922இலேயே கிறிஸ்டியும் கென்னரும் ஒரு பைஃபீனைல் அமிலத்தை இடக்கை, வலக்கை வடிவங்களாகப் பிரித்திருந்தனர். இரு வளையங்களை இணைக்கும் ஒற்றைப் பிணைப்பின் அருகிலிருந்த பருத்த தொகுதிகள் சுழற்சியைத் தடுத்தன. சூடேற்றினால் சுழலுமே, 'திரும்பாதது' என்பது பிழையல்லவா எனலாம். அதனால்தான் வேதியியலாளர் மிச்சினோரி ஓகி, குறித்த வெப்பநிலையில் ஒரு வடிவத்தின் அரை ஆயுட்காலம் 1000 நொடியாவது இருக்க வேண்டும் என வரையறுத்தார். ஆகவே சொல் குறிப்பது முழுத் தடையை அன்று, பிரித்தெடுக்கப் போதுமான தாமதத்தை. வேதியியலாளர் நொயோரியின் பைனாப் என்னும் சேர்மம் இத்தாமதத்தால்தான் கைத்தன்மை மாறாமல், ரோடியத்துடன் சேர்ந்து மென்தால் தயாரிப்புக்கு வினையூக்கியாகிறது. வினையூக்கியால் ஒரு கை வடிவத்தை மட்டுமே உருவாக்கும் தொகுப்பும் இத்தாமதம் இன்றேல் வீண். விளைபொருள் உடனே இரு வடிவக் கலவையாகிவிடும்.