மீனின் உடலமைப்பும் பார உலோகங்களும்: இறக்கக்கண்டிக் களப்பை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையிலிருந்து நிலாவெளியூடாகப் புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பாதை இறக்கக்கண்டியில் ஒரு களப்பைக் கடக்கின்றது. மாரியில் உள்நாட்டு வெள்ளம் வந்து சேரக் களப்பின் உவர்ப்புக் குறைகின்றது. கோடையில் அது மீளுகின்றது. நிலத்தினின்று கழுவப்பட்டு வரும் பொருள்கள் கடலை அடையுமுன் தங்குமிடம் இத்தகைய களப்புகளே. ஆதலின், பார உலோகங்கள் நன்னீர் மீன்களின் உடலமைப்பில் விளைத்த மாற்றங்களின் வரலாறு, இக்களப்பில் வலைவீசுவோருக்குத் தொலைதூரச் செய்தியன்று.

அவ்வரலாற்றை வேல்ஸ் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலிருந்து தொடங்கலாம். 1920களில் கதலீன் கார்பென்டர் என்னும் அம்மையார், சுரங்கக் கழிவு கலந்த கார்டிகன்சயர் ஆறுகளை ஆராய்ந்தார். உலோக உப்புகள் மீனின் பூக்களிலுள்ள சளியைத் திரளச்செய்ய, மீன் மூச்சுத் திணறி இறக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு. எனினும் அக்கால ஆய்வாளரின் வினா, மீன் இறக்குமா இறவாதா என்பதே. இறவாது எஞ்சிய மீன் எவ்வடிவில் வாழும் என்னும் வினா அரை நூற்றாண்டு கழித்தே வலுப்பெற்றது.

1970களில் சுவீடனில், நாகமும் கட்மியமும் கலந்த நீரில் வைக்கப்பட்ட சிறுமீன்களின் முள்ளந்தண்டு சிதைவுற்றது. அதே பத்தாண்டில் கனடாவில், ஈயத்துக்கு உட்பட்ட வானவில் திரவுட்டு மீன்களின் வால் கருத்தது, முதுகு வளைந்தது. கட்மியம் மனித எலும்பையும் நொய்தாக்கும் என்பதை யப்பானின் ஜின்சு ஆற்றங்கரை மக்கள் பட்டறிந்திருந்தனர். அவர்தம் நோய்க்குக் கட்மியமே காரணமென அந்நாட்டு அரசு 1968இல் ஏற்றுக்கொண்டது.

ஆயினும் இவற்றிலும் ஆழ்ந்து நோக்கவேண்டியது வட கரோலினாவின் பெலூஸ் ஏரி நிகழ்ச்சியாகும். அங்கு 1974இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பற்குளத்திலிருந்து வடிந்த நீர் ஏரியிற் கலந்தது. அதிலிருந்த செலனியம், கண்டிப்பாகச் சொல்வதாயின், பார உலோகமன்று. ஆனால் அவற்றோடு வைத்தே எண்ணப்படுவது. ஏரி நீரில் அதன் அளவு லீற்றருக்கு ஏறத்தாழ 10 மைக்கிறோகிராம் மட்டுமே. அவ்வளவிலேயே இருபது மீனினங்களுள் பத்தொன்பது அற்றுப்போயின. வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் நலமுடையனவாகவே தோன்றின, முட்டையும் இட்டன. தாய் உண்ட நஞ்சு முட்டைக் கருவினூடு குஞ்சைச் சேர்ந்தது. கந்தகம் இருக்கவேண்டிய இடத்தில் செலனியம் அமைந்து புரதங்களின் கட்டமைப்பைக் குலைத்தது. கூனிய முதுகும் பிதுங்கிய கண்ணும் குறைபட்ட செட்டைகளும் கொண்ட குஞ்சுகள் பிறந்தன. சந்தைக்கு வரும் பெரிய மீனைப் பார்த்து நீரின் நலத்தை மதிப்பிடுவது எத்துணைப் பிழையென்பது இதனாற் புலனாகும்.

இந்நிகழ்ச்சி திருகோணமலைக்குப் புறம்பானதன்று. 2006இல் போரினால் மக்கள் வெளியேற நேர்ந்த சம்பூரில் 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் அமைக்க இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் 2011இல் உடன்பட்டன; 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. சம்பூர் கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ளது; இறக்கக்கண்டியோ துறைமுகத்துக்கு வடக்கே. அங்கு வடியும் சாம்பல்நீர் இங்கு நேரே வந்திருக்கும் என வாதிடுதல் மிகையாகும். வடக்கே புல்மோட்டையின் இல்மனைற்று மணலையும் இதனோடு குழப்புதல் ஆகாது. அம்மணலின் கனிமங்கள் பாரமானவையே. ஆயினும் நீரில் எளிதிற் கரையாதவை.

வேல்சிலும் வட கரோலினாவிலும் ஆய்வாளர் வந்தபோது நீர் ஏற்கெனவே கெட்டிருந்தது. இறக்கக்கண்டியில் அம்முறையை மாற்றலாம். திலாப்பியாக் குஞ்சுகளின் முள்ளென்புகளை எண்ணுவதற்கும், இடவலச் செட்டைக் கதிர்களை ஒப்பிடுவதற்கும் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு வலையும் உருப்பெருக்கியும் குறிப்பேடும் போதும். நஞ்சு வருமுன் எடுத்த கணக்கே பின்னர்ச் சான்றாகும். பெலூஸ் ஏரியிற் சாம்பல்நீர் விடுவது 1985உடன் நிறுத்தப்பட்டது. 1996இல் அங்கு பிடிக்கப்பட்ட குஞ்சுகளிலும் வடிவக் கேடுகள் காணப்பட்டன.