அடுப்புக்கு வந்த மரம்

குன்னூரை விட்டு ஊட்டிக்கு ஏறும் மலை ரயில், வெலிங்டனைத் தாண்டியதும் அருவங்காட்டில் நிற்கும். பள்ளத்தாக்கில் 1904 முதல் வெடிமருந்து செய்துவரும் கார்டைட் தொழிற்சாலை. சுற்றுச் சரிவுகளில் தேயிலை. ஆங்காங்கே பட்டை உரிந்து வெளுத்த கற்பூர மரங்கள். தீப்பொறி பட்டால் சடசடவென்று பற்றும் எண்ணெய் இலை மரமும் வெடிமருந்து ஆலையும் அண்டை வீட்டாராக வாழும் ஊர்கள் அதிகம் இருக்காது. இங்கே இருப்பவர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

சமவெளியில் தைல மரம் என்றும் யூகலிப்டஸ் என்றும் சொல்லப்படும் இம்மரத்தின் எண்ணெய்தான் வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கும் நீலகிரி தைலம். தலைவலி, மூக்கடைப்பு, முழங்கால் வலி எது வந்தாலும் கை முதலில் அந்தக் குப்பியைத்தான் தேடும். ஆனால் மலைக்கு இந்த மரத்தைக் கொண்டுவந்தவர்களின் மனதில் மருந்து இல்லை. விறகுதான் இருந்தது.

1843இல் மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் பிரெடரிக் காட்டன் ஆஸ்திரேலியாவின் நீலப் பிசின் மரத்தை, அதாவது இந்தக் கற்பூர மரத்தை, நீலகிரியில் நட்டார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் தம்பி இவர். அப்போது அது தோட்டத்து அழகுச் செடிதான். 1850களில் நிலைமை மாறியது. இன்று அருவங்காட்டை ஒட்டியிருக்கும் ஜெகதளாவின் பக்கத்தில் படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன. பின்னாளில் அதற்கு வெலிங்டன் என்று பெயர் வந்தது. ஊட்டியிலும் குன்னூரிலும் வெள்ளைக்காரர் பங்களாக்கள் பெருகின. ஒவ்வொரு வீட்டிலும் குளிர்காய ஒரு கணப்பு, சமைக்க ஓர் அடுப்பு. எரிப்பதற்குச் சோலைக்காடுகளை வெட்டினார்கள். சோலை மரம் மெதுவாக வளர்வது. வெட்டிய வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. கற்பூர மரமோ வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். பத்துப் பதினைந்து வருடத்தில் அடுத்த வெட்டுக்குத் தயார். 1863இல் ஊட்டியில் நடப்பட்ட ஆரம்பி தோட்டம் அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான். புல்வெளி மலைகள் ஒவ்வொன்றாக விறகுத் தோட்டங்களாயின.

மரத்தை வெட்டினால் இலை மிஞ்சும். கழிவாகக் கிடந்த அந்த இலையிலிருந்துதான் நீலகிரியின் புகழ்பெற்ற தொழில் ஒன்று முளைத்தது.

இலையில் மருந்து இருக்கிறது என்பதை ஆஸ்திரேலியப் பழங்குடிகள் வெகுகாலமாக அறிந்திருந்தார்கள். 1852இல் மெல்போர்ன் அருகே ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்து வணிகர் வாலை வைத்து எண்ணெய் வடித்து விற்கத் தொடங்கினார். ஐரோப்பாவில் இம்மரத்துக்குக் காய்ச்சல் மரம் என்றே பெயர் ஏற்பட்டது. சதுப்பு நிலத்தின் நச்சுக்காற்றை விரட்டும், மலேரியாவைத் தடுக்கும் என்று நம்பினார்கள். ரோம் நகரத்துக்கு வெளியே, மலேரியா வாட்டிய திரே ஃபொன்தானே மடத்துத் துறவிகள் அதை வரிசை வரிசையாக நட்டதோடு நிற்கவில்லை, இலையை ஊறவைத்து மதுவும் தயாரித்தார்கள். அதே காலத்தில் நீலகிரியின் நடுவட்டத்தில் சின்கோனா பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. காய்ச்சலை உண்மையில் தணித்தது அந்தப் பட்டைதான். புகழில் ஒரு பங்கைக் கற்பூர மரம் சும்மாவே தட்டிக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை.

நீலகிரித் தைலத் தொழிலைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் ஒருவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் வேதியியலாளர் பூரண் சிங். 1910களில் அந்த அறிக்கையை எழுதியவர்தான் பஞ்சாபி இலக்கியத்தில் பெருங்கவிஞராகப் போற்றப்படும் பூரண் சிங்கும்.

தைலம் காய்ச்சும் முறையில் அன்றும் இன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. இளங்கன்றின் இலை வட்டமாக, மாவு பூசினாற்போல் நீலம் பாய்ந்து இருக்கும். முதிர்ந்த மரத்தின் இலை அரிவாள்போல் வளைந்து நீண்டு தொங்கும். உதிர்ந்த இலையைப் பெண்கள் கூட்டிச் சேர்த்து, மூட்டையாகக் கட்டித் தலைச்சுமையாகக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். பெரிய கொப்பரையில் இலையைப் போட்டு மிதித்து அமுக்கித் தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பில் களிமண் பூசி அடைப்பார்கள். அடியில் தீ. முந்தின நாள் காய்ச்சி முடித்துக் காயவைத்த சக்கையே விறகு. ஆவி குழாய் வழியாகத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிப்போய்க் குளிர்ந்து சொட்டும். தண்ணீர் கீழே தங்க, எண்ணெய் மேலே மிதக்கும். வழித்து எடுக்க வேண்டியதுதான். நூறு கிலோ இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எண்ணெய் கிடைத்தால் சரி. கொட்டகைக்குள் நுழைந்தால் மூக்கு திறப்பதோடு கண்ணும் கலங்கும்.

அந்த நெடிக்குக் காரணம் சினியோல் என்ற வேதிப்பொருள். மருந்துத் தரம் என்றால் எண்ணெயில் அது நூற்றுக்கு எழுபது பங்காவது இருக்க வேண்டும் என்பது மருந்து நூல்களின் கணக்கு. அந்தச் சினியோல் நம் சமையலறைக்குப் புதிதும் அல்ல. பாயசத்தில் தட்டிப்போடும் ஏலக்காயின் வாசத்தில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இருமலுக்குக் கசாயம் வைக்கும் சித்தரத்தையிலும் அது இருக்கிறது. வெள்ளைக்காரர் சமையலுக்காக மலைக்கு வந்து, இப்போது நட்சத்திர ஓட்டல்களுக்குப் போகும் ரோஸ்மேரியிலும் உண்டு. அயல்நாட்டு எண்ணெய் ஒன்றைத் தமிழ்நாட்டுப் பாட்டிமார் தயக்கமின்றிக் கைவைத்தியத்தில் சேர்த்துக்கொண்டதற்கு இந்தப் பழகிய வாசமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஆனால் ஏலக்காய் வயிற்றுக்குப் போகலாம், தைலம் போகக்கூடாது. குழந்தை சில மில்லிலிட்டர் விழுங்கினாலே மயக்கமும் வலிப்பும் வரலாம். கைக்குழந்தையின் மூக்கருகே தடவுவதும் ஆபத்து. வெந்நீரில் நாலு சொட்டு விட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிக்கும் வழக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் கிளம்பியபோது, தொற்று பரவும், வேண்டாம் என்று சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்லவேண்டி வந்தது.

இன்று யூகலிப்டஸ் எண்ணெயை உலகுக்கு மிக அதிகமாக விற்கும் நாடு சீனா. கடையில் நீலகிரி தைலம் என்று அச்சிட்ட எல்லாக் குப்பியும் நீலகிரி மண்ணில் விளைந்தது என்று நம்புவதற்கில்லை. ஊட்டிச் சாலையோரக் கடையில் வாங்கினாலும் இதே நிலைதான்.

மரத்தின் மீதான மதிப்பும் தேய்ந்தது. விறகுக்கு அடுத்தபடியாகச் சிறுமுகை விஸ்கோஸ் ஆலை இழைக்கூழுக்காக இதைக் கேட்டு வாங்கியது. அந்த ஆலை மூடி வெகுநாளாகிறது. புல்வெளியைத் தின்றது, நீரோடைகளை வற்றச் செய்தது என்று சூழலியலாளர்கள் இம்மரத்தின் மேல் குற்றம் சாட்டுகிறார்கள். அயல் மரங்களை அகற்றுவது பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்தன. 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை ஒழித்துக் காட்டை மீட்பதற்கெனத் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. சோலையும் புல்லும் திரும்பினால் மலைக்கு நல்லதுதான். கொப்பரைக்காரர்களும் சருகு பொறுக்கிக் கூலி வாங்கும் பெண்களும் என்ன செய்வார்கள் என்பது தனிக் கேள்வி. இப்போதைக்குத் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைகளுக்குக் கற்பூர விறகு வேண்டியிருக்கிறது. பட்டா நிலங்களில் மரம் நிற்கிறது. வெட்டும் காலத்தில் லாரிகளில் கட்டை போக, இலை கொட்டகைக்கு வருகிறது.